எழுதினால் ஏழு, சொன்னால் இரண்டு

இன்வர்கெல்லித் தபால் நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் இஷ்பெல்லுக்கு, மனிதர்களின் குடும்பப் பெயரைச் சரியாகச் சொல்வதில் பெரிய கர்வம் உண்டு. ஸ்காட்லாந்துப் பெயர்கள் லேசுப்பட்டவை அல்ல. நடுவில் ஓர் இஸட் வைத்து மென்ஸீஸ் என்று எழுதுவார்கள், மிங்கிஸ் என்று கூப்பிட வேண்டும். கொல்குஹூன் என்று எழுதியிருக்கும், கஹூன் என்றால்தான் ஆள் திரும்பிப் பார்ப்பார். லண்டனிலிருந்து வருகிறவர்கள் இதையெல்லாம் எழுத்துக்கூட்டி வாசித்து முழிக்கும்போது அவளுக்கு உள்ளூர ஒரு குஷி. அவள் கணவன் டூகலே ஒரு மிங்கிஸ்தான். "இஸட்டை முழுங்கத் தெரிஞ்ச பொண்ணா பாத்துக் கட்டிக்கிட்டேன்" என்பான்.

ஊரார் பெயரையெல்லாம் திருத்துகிற இவளுடைய சொந்தப் பெயர்தான் வேடிக்கை. டால்ஸீல். ஆங்கிலத்தில் எழுதினால் ஏழு எழுத்து, நடுவில் ஓர் இஸட். அந்தப் பெயர் உள்ள குடும்பங்கள் அநேகமாக எல்லாமே அதை டீயெல் என்றுதான் சொல்லும். பழைய காலத்தில் மூன்றாம் எண் போல வளைந்த ஓர் எழுத்து இருந்ததாம், 'ய' மாதிரி ஒலிக்குமாம். அச்சடிக்கிறவர்களிடம் அது இல்லாமல், கையில் கிடைத்த இஸட்டைப் போட்டு ஒப்பேற்றிவிட்டார்கள். அன்றைக்கிலிருந்து இந்த நாடு இஸட்டை எழுதுவதும் விழுங்குவதுமாக இருக்கிறது. இஷ்பெல் வீட்டில் மட்டும் அது முழுசாக ஒலித்தது. அவள் அப்பா வால்ட்டர் வைத்த சட்டம் அது.

வால்ட்டருக்குத் துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயர் எழுதுகிற வேலை. ஊரிலிருந்த அத்தனை படகின் நெற்றியிலும் அவர் கைதான். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரம் டீச்சர் இஷ்பெல்லை டீயெல் என்று கூப்பிட்டுவிட்டார். மறுநாள் வால்ட்டர் பெயின்ட் அப்பிய உடுப்போடு வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, எம் பொண்ணு பேரு டால்ஸீல். என்ன எழுதியிருக்கோ அதைப் படிங்க, போதும்."

"சரியான உச்சரிப்பு அது இல்லீங்களே, மிஸ்டர் டீ..."

"அந்தப் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிடாதீங்க."

சாதுவான மனுஷன் அன்றைக்குப் போட்ட சத்தத்தில் பிள்ளைகள் மேசைக்குக் கீழே குனிந்துகொண்டன. அன்று முதல் இஷ்பெல்லும் அந்த இஸட்டுக்காக யாரோடும் மல்லுக்கு நிற்பாள். மதுக்கடையில் யாராவது சீண்டினால் அப்பாவிடம் ஒரு கதை இருந்தது. "நான் பொறந்ததே இருபத்துநாலு வயசுல. இத்தாலியில ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில்ல. லண்டன்காரி நர்ஸ் ஒருத்தி அட்டையைப் பாத்து, காலை வணக்கம் மிஸ்டர் டால்ஸீல்னா. அவ்வளவு அழகான பொண்ணு சொன்னா மறுக்க முடியுமா?" கேட்டவர்கள் சிரித்து, இன்னொரு கிளாஸ் வாங்கிக் கொடுப்பார்கள். நூறு தடவை கேட்ட இஷ்பெல்லும் சிரிப்பாள்.

அவர் 1991 பிப்ரவரியில், எழுபத்திரண்டாவது வயதில், காலைக் கஞ்சியைக் கிளறிக்கொண்டே சாய்ந்துவிட்டார். இஷ்பெல் பத்திரிகைக்கு அறிவிப்பு எழுதிக் கொடுத்தாள். பெற்றோரின் கல்யாணப் பத்திரத்தைத் தேடியெடுத்து, இதுவரை யாரும் போடாத ஒரு வரியையும் அதில் போட்டாள். 'லார்க்ஹோம் ஊர் ஆக்னஸ் கிளெலண்டின் மகன்.' அப்பா தன் அம்மாவைப் பற்றி வாயே திறந்ததில்லை. செத்த பிறகாவது தாயும் பிள்ளையும் ஒரே வரியில் இருக்கட்டும் என்று நினைத்தாள், பாவம்.

கல்லறைக் கல் ஏற்கெனவே இருந்தது. எட்டு வருஷம் முன்பு அம்மா போனபோது அப்பா வைத்தது. இந்த நாட்டில் பெண்கள் எத்தனை வருஷம் குடும்பம் நடத்தினாலும் கல்லில் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருப்பார்கள். 'எல்ஸ்பெத் கெலட்லி' என்று பெரிதாக வெட்டி, அதன் கீழே 'அவள் கணவன்' என்று மட்டும் போட்டிருந்தது. கணவன் பெயர் வேண்டாமா என்று கல் வெட்டுகிறவர் கேட்டதற்கு அப்பா, "நான் யாருன்னு அவளுக்குத் தெரியும்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு இஷ்பெல் அழுதிருக்கிறாள். இப்போது மிச்சமிருந்த இடத்தில் வால்ட்டர் டால்ஸீல் என்று வெட்டச் சொல்லியிருந்தாள். ஒருநாள் தன் பெயரும் அதே ஏழெழுத்தோடு ஒரு கல்லில் ஏறும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அடக்கத்தன்று கோயில் நிறைந்திருந்தது. போதகர் ஓகில்வி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "நம் சகோதரர் வால்ட்டர் டால்ஸீல்" என்று தொடங்கினார்.

"டீயெல்" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

போதகர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி, "வால்ட்டர் டால்ஸீல்" என்றார்.

"டீயெல். செத்தவனையாவது ஒழுங்கா கூப்பிடுங்க."

இஷ்பெல் திரும்பிப் பார்த்தாள். கறுப்புத் தொப்பி, இறுக்கிப் பிடித்த கைப்பை, எழுபதை நெருங்கும் வயசு. முன்பின் பார்த்திராத பெண். டூகல் அவள் காதில், "எவளோ வழி தவறி வந்திருக்கா, விடு புள்ள" என்றான். இஷ்பெல்லுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பாவின் சவப்பெட்டிக்கு முன்னால் வந்து இப்படி மானத்தை வாங்க ஒருத்திக்கு என்ன திமிர் என்றுதான் தோன்றியது.

அடக்கம் முடிந்து எல்லோரும் கூடத்துக்கு வந்தார்கள். வழக்கம்போல மாவுக்குள் வைத்துச் சுட்ட மாட்டிறைச்சிப் பை, தேநீர், ஆண்களுக்கு ஆளுக்கொரு விஸ்கி. மேசை ஓரத்தில் அப்பா அம்மாவின் கல்யாணப் படத்தை இஷ்பெல் சட்டம் போட்டு வைத்திருந்தாள். அந்தப் பெண் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே இவளிடம் வந்தாள்.

"நீதான் மகளா?"

"ஆமா. நீங்க யாருன்னு சொல்லிட்டு அப்புறம் எங்க பேரைத் திருத்துங்க."

"நெட்டா டீயெல். லார்க்ஹோம். உள்ளே போட்டு மூடுனீங்களே, அவன் கூடப்பொறந்த தங்கச்சி. பேப்பர்ல எங்கம்மா ஆக்னஸ் பேரைப் பாத்துட்டு வந்தேன்."

இஷ்பெல் கோப்பையை மேசையில் வைத்தாள். அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை என்றுதான் அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

"அழ வரலம்மா நான்" என்றாள் நெட்டா. குரல் கல்லாக இருந்தது. "நாப்பத்தேழு வருஷமா அவனை நாலு வார்த்தை நாக்கைப் புடுங்குற மாதிரி கேக்கணும்னு வச்சிருந்தேன். அதுக்குள்ள போயிட்டான். நாப்பத்துநாலுல பட்டாளத்துலேர்ந்து தாள் வந்துச்சு. உங்க மகன் காயம்பட்டு ஆஸ்பத்திரியில இருக்கான், பொழச்சுக்குவான்னு. எங்கம்மா தெருவெல்லாம் ஓடி ஓடிச் சொன்னா. ஆறு கடுதாசி போட்டா. ஒண்ணுக்கும் பதில் இல்ல. கேட்டா, ஆளு நல்லாயிருக்கான், வீட்டுக்கு அனுப்பிட்டோம்ங்கறாங்க. எந்த வீட்டுக்கு? பத்தொம்பது வருஷம், அம்மா வாசக்கதவைத் தாப்பா போடவே விடல. சாகுறப்போ, நான் என்னடி தப்பு பண்ணேன், எம்புள்ள என்னை ஏன் வேணாம்னுட்டான்னு எங்கிட்ட கேட்டுட்டுச் செத்தா. நான் என்ன பதில் சொல்ல?"

மாட்டிறைச்சிப் பையை மென்றுகொண்டிருந்தவர்கள்கூட வாயை நிறுத்திவிட்டார்கள். ஒரு பூனைக்குட்டியைக்கூடத் தெருவில் விடாத அப்பா பெற்ற தாயை இப்படி விட்டாரா?

"அந்தக் கல்நெஞ்சன் மூஞ்சி கடைசியில எப்படித்தான் ஆச்சுன்னு பாத்துட்டுப் போறேன்" என்று நெட்டா கல்யாணப் படத்தின் பக்கம் திரும்பினாள். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். படத்தைக் கையில் எடுத்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"யாரு இது?"

"எங்கப்பா."

"எங்கண்ணன் வாட்டி எங்க?"

"அதான் சொல்றேனே, அவருதான் வால்ட்டர். எங்கப்பா."

"இது எங்கண்ணன் இல்ல" என்றாள் நெட்டா.

டூகல் இடையில் புகுந்து, "அம்மா, வயசாச்சு, இத்தனை வருஷமாச்சு, மூஞ்சி மாறியிருக்கும்" என்று ஏதோ சமாளித்தான்.

"கல்யாணப் படம்யா இது. நாப்பத்தேழுல எடுத்ததுன்னு கீழ போட்டிருக்கு. மூணு வருஷத்துலயா காது ஒட்டிப் போகும்? தாடை நீளும்? எங்கூட ஒரே படுக்கையில படுத்து வளந்தவனை எனக்குத் தெரியாதா?" கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். பட்டாள உடுப்பில் ஒரு பையன். விடைத்த காது, மேலுதட்டில் தழும்பு, சிரிப்பு. அவனை இஷ்பெல் தன் வாழ்நாளில் பார்த்ததே இல்லை.

நெட்டா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அவள் முகத்தில் கோபம் வடிந்து வேறு ஏதோ ஏறிக்கொண்டிருந்தது.

"அதான் கோயில்ல அந்தப் பேரு" என்றாள் மெதுவாக. "யாரோ ஒரு போதகர் தெரியாம சொல்றாருன்னு நெனச்சேன். ஊரே அப்படித்தான் சொல்லுதா?"

"எங்கப்பாதான் சொல்லச் சொன்னாரு. ஆஸ்பத்திரியில நர்ஸ் அட்டையைப் பாத்து..." இஷ்பெல் பாதியில் நிறுத்தினாள். நூறு தடவை சிரித்த கதை. நான் பிறந்ததே இருபத்துநாலு வயசில் என்று அந்த மனுஷன் நடுக்கடையில் நின்று உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் அவருக்கு விஸ்கி வாங்கிக் கொடுத்தார்கள்.

"எங்க வீட்டுல பொறந்தவன் எவனும் நர்ஸு சொன்னதுக்காகப் பேரை மாத்திக்க மாட்டான்" என்றாள் நெட்டா. "பள்ளிக்கூடத்துல முதல் பாடமே எங்களுக்கு அதுதான். எழுதினா ஏழு, சொன்னா ரெண்டு. டி. எல். பால்குடி மறக்காத புள்ளைகூடச் சொல்லும்."

அந்த இரண்டு எழுத்தையும் அவள் தனித்தனியாக விரல்விட்டுக் காட்டிச் சொன்னதும் இஷ்பெல் டூகலைத் தேடித் திரும்பினாள். "டூகல்" என்றாள், "அப்பாவோட பெயின்ட் கொட்டகைச் சாவி உங்கிட்டதானே இருக்கு?"

கொட்டகை வீட்டுக்குப் பின்னால். பகல் வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. டர்பென்டைன் வாசம் அப்படியே இருக்க, ஆள் மட்டும் இல்லை. மேல் தட்டிலிருந்து ஒரு மரப்பெட்டியை டூகல் இறக்கினான். உள்ளே ஒரு சாண் உயரச் சிலுவைகள், அடுக்கடுக்காக. போரில் செத்தவர்களை நினைக்கிற நவம்பர் ஞாயிறன்று அப்பா ஒவ்வொரு வருஷமும் தன் கையால் ஒன்று செய்து ஊர் நினைவுக் கல்லடியில் நட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்து எடுத்துவருவார். ஒவ்வொன்றிலும் வருஷம், அதன் மேலே அவருடைய அழகான கையெழுத்தில் இரண்டு எழுத்து, நடுவில் புள்ளி. டி. எல்.

"எட்டு வயசுல கேட்டேன், இது யாருப்பான்னு" என்றாள் இஷ்பெல். "குளிருல எனக்குக் கோட்டு கொடுத்த பையன்னு சொன்னாரு. அவன் எங்கன்னு கேட்டேன். கோட்டு வேண்டாத எடத்துக்குப் போயிட்டான்னாரு. டொனால்ட் லாயிங், டேவிட் லாம்ப், இப்படி யாரோ ஒருத்தர்னு நெனச்சோம். நானும் டூகலும் பந்தயம்கூடக் கட்டினோம்."

கோட்டு பாக்கெட்டில் செத்தவனுடைய பட்டாளப் புத்தகம் இருந்திருக்கிறது. கோட்டு போட்டவனைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் புத்தகத்தைப் பார்த்து அட்டையில் எழுதினார்கள். கண் விழித்தபோது நர்ஸ் அந்தப் பெயரைச் சொன்னாள், அவர் ஆமாம் என்றார். எதிலிருந்து தப்பித்து ஆமாம் என்றார், யாரைப் பின்னால் விட்டு ஆமாம் என்றார் என்பதை இனி எந்தத் தபாலும் கொண்டுவந்து சேர்க்காது. ஆறு கடிதமும் அவர் கட்டிலுக்குத்தான் வந்திருக்கும். அதை நினைத்தபோது இஷ்பெல்லுக்கு அப்பா மேல் முதல்முறையாக அருவருப்பு வந்தது. அது வந்ததே அவளைத் திடுக்கிட வைத்தது.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பத்து வயசில் நூலகப் புத்தகத்தில் பெயரின் அர்த்தம் படித்துவிட்டு ஓடிவந்தாள். வெள்ளைப் புல்வெளி என்று ஓர் அர்த்தம். இன்னொரு கதையில், தூக்கில் தொங்கும் தன் உறவினன் பிணத்தை இறக்கிவர யார் துணிவீர்கள் என்று அரசன் கேட்க, ஒருவன் முன்னால் வந்து 'நான் துணிவேன்' என்றானாம், அதுவே பெயராகிவிட்டதாம். அப்பா தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். "பொணத்துக்கிட்டப் போனவனா?" என்று கேட்டார். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

நெட்டா சிலுவைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து இருந்தன.

"வருஷம் தவறாம" என்றாள். பிறகு, "இவனுக்கு ஒழுங்கா சொல்லத் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

"என்னது?"

"பேரை. இதுல சரியாத்தானே எழுதியிருக்கான். தெரிஞ்சும் ஏன் காலம் பூரா அந்த இஸட்டோட அலைஞ்சான்?"

"டீயெல் அந்தப் பையனோட பேராச்சே" என்றாள் இஷ்பெல். அந்தப் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிடாதீங்க என்று வகுப்பு வாசலில் கத்திய குரல் அவள் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

நெட்டா திடீரென்று உடைந்தாள். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் தொப்பி சரிய, தோள் குலுங்க அழுதாள். "அவன் எங்களை விட்டுட்டுப் போகல. அவன் வரத்தான் பாத்திருக்கான். அம்மாவுக்குத் தெரியாமப் போச்சே. செத்துக் கெடந்த பையனை நாப்பத்தேழு வருஷம் திட்டிட்டே இருந்திருக்கேனே நான்."

இஷ்பெல் அவள் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். தொடலாமா என்று தெரியவில்லை. தொட்டாள். நெட்டா தள்ளிவிடவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு நெட்டா சொன்னாள்: "எங்க ஊரு நினைவுக் கல்லுல பதினெட்டுப் பேரு இருக்கு. வாட்டி பேரு இல்ல. உசிரோட இருக்கறவன் பேரை எவன் வெட்டுவான்? தெருவுல என்னைப் பாத்தா, அந்த ஓடுகாலியோட தங்கச்சின்னு இப்பவும் சொல்றாங்க. நீ ஒரு தாள் எழுதிக் குடும்மா. இங்க புதைச்சது அவன் இல்லேன்னு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

டூகல் இஷ்பெல்லின் கையைப் பிடித்தான். "அவசரப்படாத புள்ள. எழுதிக் குடுத்தா அப்புறம் திரும்ப வாங்க முடியாது. உங்கப்பா யாருன்னு கேட்டா என்ன சொல்லுவ? உனக்கே பேரு இல்லாமப் போயிடும். கல்லுல என்ன வெட்டுறது?"

"இருக்கறதே போதும்" என்றாள் இஷ்பெல். "அவள் கணவன். அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. அவங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சா சரி."

சொல்லிவிட்டாளே தவிர, பெஞ்சில் தாளை வைத்து எழுத உட்கார்ந்தபோது முதல் வார்த்தையையே இரண்டு தடவை அடித்தாள். தினமும் நூறு பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற கை அது. இன்வர்கெல்லியில் அடக்கம் செய்யப்பட்ட என் தந்தை, லார்க்ஹோம் ஆக்னஸ் கிளெலண்டின் மகன் வால்ட்டர் அல்லர் என்று எழுதினாள். அவர் யாரென்று எனக்குத் தெரியாது என்றும் எழுதினாள். அந்த வரியை எழுதும்போது தாளில் கண்ணீர் விழுந்தது, ஒற்றியெடுத்தாள். தேதி போட்டாள். கையெழுத்துப் போடும் இடத்தில் இஷ்பெல் என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது.

"என்ன போடட்டும்?" என்று கேட்டாள். நாற்பத்திரண்டு வயசில் ஒருத்தி கேட்கிற கேள்வியா அது. மென்ஸீஸ் என்று போடலாம், கட்டியவன் பெயர். கெலட்லி என்று போடலாம், அம்மா பெயர். இந்தப் பெண்ணின் முகத்துக்கு முன்னால் அந்த ஏழெழுத்தை எழுத அவளுக்குக் கூசியது. "அது உங்க வீட்டுப் பேரு. எங்களுக்கு அதுல பாத்தியதை இல்ல."

நெட்டா மடியிலிருந்த சிலுவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டை விரலால் ஒன்றின் எழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஸ்கூல்ல உன்னை எப்படிக் கூப்பிட்டாங்களோ, அதைப் போடு" என்றாள்.

இஷ்பெல் எழுதினாள். டி, ஏ, எல், இஸட், ஐ, ஈ, எல். மை காயத் தாளை ஊதினாள். நெட்டா தாளை வாங்கிக் கண்ணுக்கு அருகே வைத்து முதல் வரியிலிருந்து உதடு அசைய வாசித்தாள். கையெழுத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். காலையில் கோயிலையே நிறுத்தி வைத்த அந்தக் கிழவி, ஒவ்வொரு எழுத்தாக, இஸட்டை விட்டுவிடாமல் வாய்விட்டுப் படித்தாள்.

"இஷ்பெல் டால்ஸீல்."